புவிவெப்பப் புலங்களில் ஈர்ப்பு அளவீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எரிமலைப் பகுதிகளில் உள்ள புவிவெப்பப் புலங்களில் (நிலத்தடி வெந்நீரும் நீராவியும் எடுக்கும் இடங்களில்) நிலம் எழுவதையும் அமிழ்வதையும் ஈர்ப்பு அளவீட்டின் துணையோடு கண்காணிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் தொடக்க காலத்தில் செய்த அதே தவறுகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்வதைப் பார்த்து வருகிறேன். கருவியின் குமிழி மட்டத்தைச் சரிபார்ப்பது, காற்று வீசும்போது மறைப்பு வைப்பது போன்றவை எந்தக் கையேட்டிலும் இருக்கும். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. கையேட்டில் ஒரே வரியில் முடிந்துவிட்டு, களத்தில் ஆண்டுக்கணக்கான உழைப்பைப் பயனற்றதாக்கும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

நிலம் எவ்வளவு நகர்ந்தது என்பதை லெவலிங்கும் (புள்ளிகளுக்கு இடையிலான உயர வேறுபாட்டைத் தரையில் நேரடியாக அளப்பது) ஜி.பி.எஸ்ஸும் சொல்லிவிடும். ஆனால் அடியில் நிறை கூடியதா, குறைந்ததா என்பதை அவற்றால் சொல்ல முடியாது. பாறைக் குழம்பு ஏறினாலும் நிலம் எழும்; வெந்நீரும் வாயுவும் அழுத்தம் கொடுத்தாலும் எழும். இவ்விரண்டையும் பிரித்தறிய ஈர்ப்பு அளவீடு தேவைப்படுகிறது. நாம் தேடும் மாற்றம் மைக்ரோகாலில் அளக்கப்படுவது. ஒரு மைக்ரோகால் என்பது புவியீர்ப்பில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு. நல்ல கருவியும் பழகிய கையும் சேர்ந்தால் களத்தில் 5 முதல் 10 மைக்ரோகால் வரை நம்பலாம். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பிழையும் நிலத்தடியில் நடந்த நிகழ்வைப் போலவே தோற்றமளிக்கும் என்பதுதான் இந்தத் துறையின் ஆபத்து.

கருவியைச் சாய்த்து ஏற்றிச் செல்வது

சின்ட்ரெக்ஸ் சிஜி-5 போன்ற குவார்ட்ஸ் சுருள்வில் கருவிகள், வண்டியில் சாய்ந்த நிலையில் பயணித்தால், நிமிர்த்தி வைத்த பிறகும் நெடுநேரம் தங்கள் பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் எடுத்த அளவுகள் பார்வைக்குச் சீராகத்தான் இருக்கும். நாள் முடிவில் முதல் நிலையத்துக்குத் திரும்பி வளையத்தை மூடும்போதுதான் பிழை வெளிப்படும். இருக்கையில் நிமிர்ந்து நிற்கும்படி பெட்டியைக் கட்டுங்கள்.

உயரத்தை வேறொரு நாளிலிருந்து எடுத்துக்கொள்வது

இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுவே.

தரை ஒரு மீட்டர் அமிழ்ந்தால், நாம் புவியின் மையத்துக்கு அவ்வளவு நெருங்குகிறோம். அதனால் ஈர்ப்பு ஏறத்தாழ 308 மைக்ரோகால் கூடும். ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று மைக்ரோகால் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். நியூசிலாந்தின் வைராகேயைப் பாருங்கள். 1958-இல் மின் உற்பத்தி தொடங்கிய அந்தப் புலத்தில், நீர் வெளியேறி அழுத்தம் குறைந்ததால், மேலே படிந்திருந்த பழைய ஏரி வண்டல் அடுக்குகள் இறுகின. அமிழ்வுக் கிண்ணத்தின் நடுவில் தரை ஏறத்தாழ 15 மீட்டர் இறங்கியிருக்கிறது. அமிழ்வு உச்சத்தில் இருந்த காலத்தில் ஆண்டுக்கு 40 சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கியது. உயர மாற்றத்தால் மட்டுமே அங்கே ஈர்ப்பு 4,600 மைக்ரோகால் அளவுக்குக் கூடியிருக்க வேண்டும். உயரத்தைத் திருத்திய பிறகு அந்தப் புலத்தில் தெரிந்த உண்மையான குறைவோ, மிக அதிகமான இடத்திலும் 1,000 மைக்ரோகாலை ஒட்டியது. நாம் தேடும் செய்தியைவிட அதை மறைக்கும் விளைவு பல மடங்கு பெரியது. மேலும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன.

இத்தகைய ஒரு புலத்தின் அறிக்கையைச் சரிபார்க்கும்படி என்னிடம் கொடுத்தார்கள். உற்பத்திக் கிணறுகளுக்கு அருகே 40 மைக்ரோகால் வரை ஈர்ப்பு கூடியிருப்பதாகவும், மறுசெலுத்தப்பட்ட நீர் (பயன்படுத்திய பிறகு மீண்டும் நிலத்துக்குள் செலுத்திய நீர்) அங்கே வந்து சேர்வதையே அது காட்டுவதாகவும் அறிக்கை கூறியது. வரைபடம் அழகாக இருந்தது. மூலக் குறிப்பேட்டை வரவழைத்தேன். ஈர்ப்பு அளவுகள் இருந்த பத்தியில் மழைத்துளி பட்டு மை கலைந்திருந்தது, பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) தூசி ஒட்டியிருந்தது, அடித்துத் திருத்திய எண்கள் இருந்தன. உயரம் என்ற பத்தியோ ஒரே மையில், ஒரே அமர்வில் எழுதப்பட்டு, கறை எதுவுமின்றிச் சுத்தமாக இருந்தது. அந்த எண்கள் களத்தில் எடுக்கப்பட்டவை அல்ல என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. முந்தைய லெவலிங் கோப்பிலிருந்து அவற்றை அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்த பெஞ்ச்மார்க்குகளில் (அளவெடுக்கத் தரையில் பதித்த குறிப்புள்ளிகளில்) சில 13 சென்டிமீட்டர் இறங்கியிருந்தன. 13-ஐ மூன்றால் பெருக்கினால் 39. வந்து சேர்ந்ததாகச் சொன்ன நீர் முழுவதும் அந்தப் பெருக்கலுக்குள் அடங்கிவிட்டது.

அந்த அறிக்கையை நம்பி மறுசெலுத்தும் கிணறுகளின் இடத்தை முடிவு செய்யும் பேச்சு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. ஒரு கிணறு தோண்டும் செலவு எவ்வளவு என்று அறிந்தவர்களுக்கு இதன் விலை புரியும். ஆனால் பணத்தைவிட என்னை அதிகம் வருத்துவது வேறு. அந்தக் காலகட்டத்தின் ஈர்ப்பு அளவுகளை இனி யாராலும் மீட்க முடியாது. அடுத்த ஆண்டு மறுபடியும் லெவலிங் செய்யலாம், ஆனால் அது அடுத்த ஆண்டின் உயரத்தைத்தான் தரும். நடுவில் தரை சீராக இறங்கியது என்று வைத்து இடைமதிப்புக் கணக்கிடலாமே என்று கேட்கிறார்கள். கிணறுகளை மூடுவதும் திறப்பதுமாக இயங்கும் புலத்தில் தரை சீராக இறங்குவதில்லை.

இதே தவறு இப்போது புதிய உருவங்களிலும் வருகிறது. அருகில் உள்ள இரண்டு பெஞ்ச்மார்க்குகளின் உயரத்தைக் கொண்டு நடுவில் உள்ளதை ஊகிப்பது முதலாவது. வைராகேயின் கிண்ணம் முதன்மைக் கிணற்றுப் பகுதிக்கு நேர் மேலே அமையவில்லை. அதன் விளிம்பில் அமைந்திருக்கிறது, பக்கங்களும் செங்குத்தானவை. சில நூறு மீட்டர் தள்ளினாலே அமிழ்வு முற்றிலும் மாறிவிடும் இடத்தில் ஊகம் எப்படி நிற்கும்?

இரண்டாவது, செயற்கைக்கோள் ரேடார் படத்திலிருந்து உயரத்தை எடுத்துக்கொள்வது. அந்தப் படம் அருமையான கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது செயற்கைக்கோளின் பார்வைக் கோட்டில் ஏற்பட்ட நகர்வைக் காட்டுகிறது. கோடு செங்குத்திலிருந்து 40 பாகை சாய்ந்திருந்தால், 10 சென்டிமீட்டர் அமிழ்வு 7.7 சென்டிமீட்டராகவே தெரியும். அதை அப்படியே எடுத்தால் 7 மைக்ரோகால் போய்விடும். தவிரவும், படத்தின் ஒரு புள்ளி பல மீட்டர் நிலத்தின் சராசரி; நம் கருவி நிற்பதோ கான்கிரீட்டில் பதித்த ஒரு பித்தளைக் குமிழின் மேல். அந்தக் கான்கிரீட் தனியாக அமிழலாம், மரத்தின் வேர் அதைத் தூக்கலாம்.

செய்ய வேண்டியது எளிது. ஈர்ப்புக் குழுவும் லெவலிங் குழுவும் ஒரே வாரத்தில், ஒரே பெஞ்ச்மார்க்குகளில் வேலை செய்ய வேண்டும். லெவலிங் செய்ய முடியாத இடத்தில் ஜி.பி.எஸ் வைத்து, அதன் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பிழையை மைக்ரோகாலாக்கி அறிக்கையில் எழுத வேண்டும். தரையிலிருந்து கருவியின் உயரத்தையும் ஒவ்வொரு முறையும் அளந்து குறிக்க வேண்டும். முக்காலியின் கால் ஒரு சென்டிமீட்டர் வேறுபட்டாலும் அதே மூன்று மைக்ரோகால்தான். இரண்டு குழுவுக்கும் சேர்த்து நிதி இல்லையென்றால், அந்த ஆண்டு ஈர்ப்பு அளவீட்டைத் தள்ளிப்போடுவது மேல் என்பதே என் கருத்து.

புத்தகத்தில் உள்ள சரிவு எண்ணை அப்படியே போடுவது

உயரம் ஒரு மீட்டர் மாறும்போது ஈர்ப்பு எத்தனை மைக்ரோகால் மாறும் என்பதே செங்குத்துச் சரிவு. 308.6 என்பது அதன் கோட்பாட்டுச் சராசரி. எரிமலைப் பகுதியின் மேடுபள்ளங்களும் அடர்த்தி வேறுபாடுகளும் அதை மாற்றிவிடும். இத்தாலியின் கம்பி பிளெக்ரேயில், 1982 முதல் 1984 வரை பொட்சுவோலி நகரின் தரை ஏறத்தாழ 1.8 மீட்டர் எழுந்தது. அப்போது ஈர்ப்பு மீட்டருக்குச் சுமார் 213 மைக்ரோகால் குறைந்தது. அங்கேயே அளந்து பெற்ற செங்குத்துச் சரிவு மீட்டருக்கு 290. ஆகவே அடியில் சேர்ந்த நிறையால் ஏற்பட்டதாகக் கொள்ள வேண்டியது, மீட்டருக்கு 77 மைக்ரோகால். கோட்பாட்டு எண்ணைப் போட்டிருந்தால் அது 95-ஐத் தாண்டும்; சேர்ந்த நிறையைக் கால் பங்கு கூட்டிச் சொல்லியிருப்போம். அது பாறைக் குழம்பா, நீரா என்று இலட்சக்கணக்கானோர் வாழும் ஒரு பகுதியைப் பற்றி விவாதிக்கும்போது, கால் பங்கு சிறிய விஷயம் அன்று. ஒரே நிலையத்தில் தரைமட்டத்திலும் உயரமான முக்காலியிலும் மாறி மாறி அளந்தால் சரிவு கிடைத்துவிடும். அரை நாள் வேலை.

ஓதத் திருத்தத்துக்குத் தவறான நேரம்

சூரியனும் சந்திரனும் ஏற்படுத்தும் ஓத விளைவு ஒரே நாளில் 200 மைக்ரோகாலுக்கும் மேல் ஏறி இறங்கக்கூடும். கருவி அதைத் தானே திருத்தும், ஆனால் அதற்கு உலகப் பொது நேரம் சரியாகத் தெரிய வேண்டும். நியூசிலாந்து நேரம் குளிர்காலத்தில் அதைவிட 12 மணி முந்தியது, கோடையில் 13. உள்ளூர் நேரத்தை அப்படியே கொடுத்துவிட்டால் பெரும்பிழை வரும், உடனே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் ஓதத்தின் ஒரு பெரிய பகுதி ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்புவது. 12 மணி நேரப் பிழையில் அந்தப் பகுதி ஏறக்குறையச் சரியாகவே பொருந்திவிடும். நாளுக்கு ஒரு முறை திரும்பும் பகுதி மட்டும் தலைகீழாகி, கருவியின் இயல்பான நகர்வைப் போல வேடமிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதைக் கண்டுபிடிக்காமல் முழுப் பருவமும் கழிந்துவிடலாம்.

புலத்துக்குள்ளேயே அடிநிலையம்

வேண்டாம். மற்ற நிலையங்களின் அளவுகளை எதனோடு ஒப்பிடுகிறோமோ, அந்த நிலையமே மாறினால் ஒப்பீட்டுக்குப் பொருளில்லை.

மேல்மட்ட நீரையும் மண்ணையும் மறப்பது

20 விழுக்காடு துளைவெளி கொண்ட மண்ணில் நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் 8 மைக்ரோகால் கூடும். மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் மாறி மாறி அளப்பவர்கள் ஆழத்து நீர்த்தேக்கத்தை அளக்கவில்லை, வானிலையை அளக்கிறார்கள். ஆழமற்ற கண்காணிப்புக் கிணறுகளின் அளவை அதே வாரத்தில் எடுங்கள். ஆண்டின் ஒரே பருவத்தில் போங்கள். நிலையத்தின் அருகே புதிதாகக் கொட்டிய மண், உயர்த்திய சாலை, எழுப்பிய கட்டடம் ஆகியவற்றையும் ஒவ்வொரு முறையும் படம் எடுத்து வையுங்கள். பரந்த இடத்தில் அரை மீட்டர் மண் நிரப்பினால், அது 35 மைக்ரோகாலைத் தாண்டும்.

திருத்திய எண்களை மட்டும் சேமிப்பது

திருத்தாத மூல அளவு, பயன்படுத்திய ஓதக் கணக்கு, செங்குத்துச் சரிவு, உயரம் எடுத்த தேதி ஆகிய நான்கும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.