ஓடைக்கரையில் எதை எங்கே நடுவது?

ஓடைக்கரையைச் சீர்செய்யக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன மரம் வைக்கலாம்?" என்றுதான். மரம் கடைசி வேலை. தண்ணீர் எதுவரை வருகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். வேலிக் கம்பியிலும் புதரிலும் சருகும் பாலித்தீன் பையும் சிக்கியிருக்கும் உயரம்தான் வெள்ளம் தொட்ட மட்டம். அங்கே ஒரு முளை அடியுங்கள். கோடையில் தண்ணீர் நிற்கும் இடத்தில் இன்னொன்று. நம் வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நகரத்தில் சுற்றிலும் சிமென்ட்டும் தாரும். மழை மண்ணில் இறங்க வழியில்லாமல் மொத்தமாக ஓடைக்குள் பாயும். அந்த வேகம் கரையின் அடியைத்தான் அரிக்கும். அடி போய்விட்டால் மேலே எவ்வளவு பெரிய மரம் நின்றாலும் மண்ணோடு சேர்ந்து சரியும். அதனால் நடவைக் கீழிருந்து தொடங்குங்கள்.

அடியில் கோரையும் நாணலும். வெள்ளம் வந்தால் இவை படுத்துக்கொள்ளும், வடிந்ததும் நிமிரும். படுத்திருக்கும் நேரத்தில் மண்ணுக்குப் போர்வை. சம்பு என்ற நீர்ச்செடியை நான் நடுவதே இல்லை. கழிவுநீர் கலந்த ஆழமில்லாத ஓடை என்றால் அது தானாகவே வந்து தடத்தை அடைத்துவிடும்.

நடுச்சரிவுக்கு வெட்டிவேரும் நொச்சியும். வெட்டிவேர் பக்கவாட்டில் அலையாமல் நேராகக் கீழே இறங்கும்; நல்ல மண்ணில் 3 மீட்டர் வரைகூடப் போகும். சரிவுக்குக் குறுக்கே வரிசையாக, 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள்.

நொச்சிக்கு நாற்று தேடி அலைய வேண்டாம், போத்து போதும். பெருவிரல் கனத்தில், 60 முதல் 90 சென்டிமீட்டர் நீளத்தில் முற்றிய கிளையாக வெட்டுங்கள். அடிப்பக்கம் சாய்வெட்டு, நுனிப்பக்கம் நேர்வெட்டு. அவசரத்தில் யாரும் தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க இது எளிய வழி. இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுவையுங்கள். நடும்போது கடப்பாரையால் குழி போட்டபிறகு சொருகுங்கள். சுத்தியலால் அடித்து இறக்கினால் பட்டை உரிந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும், இரண்டு மூன்று கணு வெளியே தெரிந்தால் போதும். சுற்றிலும் நன்றாக மிதித்துவிட்டு லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் உள்ளே காற்று நிற்கிறது என்று அர்த்தம், மறுபடி மிதியுங்கள்.

மேல்கரைக்கு நீர்மருது, புங்கன், நாவல். நெருக்கி வைக்காதீர்கள்; கீழே புல்லுக்கு வெயில் வேண்டும். ஓடைத் தடத்துக்குள் மரமே வேண்டாம்.

சரி, ஏற்கெனவே இருக்கும் களை? ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையோரம் குவிக்காமல் தூரமாகக் கொண்டுபோய் மக்க வையுங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கின் ஒரு துண்டுத் தண்டு விழுந்தாலும் வேர்விடும், ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். சீமைக்கருவேலத்தை மட்டும் கரை அடியில் வேரோடு பிடுங்காதீர்கள். பலருக்கு இது பிடிக்காது. ஆனால் இன்றைக்கு அந்த மண்ணைப் பிடித்திருப்பது அந்த வேர்தான். தரையோடு வெட்டுங்கள், துளிர்க்கத் துளிர்க்கக் கழியுங்கள், புதுச் செடிகள் வேர்பிடிக்கட்டும். மழைக்காலத்துக்கு முன் கரை முழுவதையும் ஒரேயடியாக மொட்டையடிப்பதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது.

வெறும் மண் தெரியும் சரிவில் தென்னைநார்ப் பாய் விரித்து முளையடித்து, அதைக் கிழித்து நடலாம். சில ஆண்டுகளில் தானே மக்கிவிடும். பிளாஸ்டிக் வலை வேண்டவே வேண்டாம், பாம்பும் ஓணானும் மாட்டிச் சாகும்.

கடற்கரை மணல்மேடு என்றால் கணக்கே வேறு. அங்கே அடப்பங்கொடியும் இராவணன் மீசையும்தான். படர்ந்து மணலைப் பிடிப்பவை.

ஓடை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கையுறையும் பூட்ஸும் இல்லாமல் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் வரும் தண்ணீர் இது. கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் மேல்கரை வேலையைப் பார்க்கட்டும்.

மழை தொடங்கும் சமயத்தில் நடுவது நல்லது. முதல் வெள்ளம் வடிந்ததும் போய், செடியில் சிக்கிய குப்பையை எடுத்துவிட்டு, வெளியே தெரியும் வேருக்கு மண் அணையுங்கள். அப்புறம் ஒவ்வொரு போத்திலும் பளிச்சென்று ஒரு துணி கட்டிவிடுங்கள். துளிர்விட்ட நொச்சியைக் களையென்று நினைத்து வெட்டிப்போடுவது பெரும்பாலும் சுத்தம் செய்ய வருகிறவர்கள்தான்.