கீழ் முதுகில் எலும்பு இணைப்பு அறுவை சிகிச்சை: முன்பும் பின்பும்

இரு முள்ளெலும்புகளை ஒன்றாக இணைக்கும் இந்த அறுவை சிகிச்சையில் பொருத்தும் திருகாணியும் கம்பியும் எலும்பைத் தற்காலிகமாகப் பிடித்து வைப்பவை மட்டுமே. நிலையான பிடிப்பைத் தருவது, இரு முள்ளெலும்புகளுக்கு நடுவே வைக்கும் எலும்புத் துகள்களிலிருந்து வளரும் புது எலும்பு. அது இறுக 6 முதல் 12 மாதம் ஆகலாம். வலி குறைந்ததும் இணைந்துவிட்டது என்று நினைத்துப் பாரம் தூக்குவதுதான் பெரிய தவறு.

எலும்பு நழுவி நரம்பை அழுத்தும்போது இச்சிகிச்சை நன்றாகப் பயன்படும். வெறும் முதுகுவலிக்கு மட்டும் என்றால் பலன் நிச்சயமில்லை. இன்னொரு மருத்துவரிடமும் கட்டாயம் கேளுங்கள்.

புகைப்பவர்கள் அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும், பிறகும் தொடக்கூடாது. நிக்கோட்டின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் எலும்பு ஒட்டாமல் போகலாம். நிக்கோட்டின் சூயிங்கமும் இதில் சேர்த்திதான். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரே சொல்லட்டும்.

படுக்கையிலிருந்து எழும் முறை: முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப ஒருக்களித்து, கால்களைக் கீழே விட்டபடி கையை ஊன்றி எழுங்கள். முதல் ஆறு வாரமாவது குனியாதீர்கள், இடுப்பை முறுக்காதீர்கள், 4 கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள். நடைதான் மருந்து. சிறிது சிறிதாக, தினமும் பலமுறை.

சிறுநீர் போகாமல் அடைத்தல், மலம் கட்டுப்பாடின்றிப் போதல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தல், காலில் புதிதாகப் பலவீனம்: இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். காய்ச்சல், காயத்தில் கசிவு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குதல் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.