வியர்வை தெரியாத வெயில்: டெத் வேலிக்கு முதன்முறை போகும் சென்னைவாசிகளுக்கு

"கத்திரி வெயிலில் பாண்டி பஜாரைச் சுற்றி வந்தவர்கள் நாம். அந்தப் பாலைவனம் நம்மை என்ன செய்துவிடும்?" கலிபோர்னியாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர் பலர், அங்குள்ள பாலைவனப் பள்ளத்தாக்கான டெத் வேலியைப் பற்றி இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பயம் தருவது இந்தப் பேச்சுதான்.

ஓர் ஏப்ரல் இறுதியில் அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். காரின் திரை 100 ஃபாரன்ஹீட் காட்டியது. நம் கணக்கில் 38 டிகிரி. மாம்பலத்தில் அதைவிட அதிக வெயிலில் அம்மா வடாம் பிழிந்திருக்கிறார். உப்புவெளியில் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு, "வியர்க்கவே இல்லை பார், நம் ஊரைவிடத் தேவலை" என்றார். காரில் ஏறியதும் தலைவலி, குமட்டல். முந்தானையால் நெற்றியைத் துடைத்தபோது துணியில் மாவு போல வெள்ளையாக ஏதோ ஒட்டியது. உப்பு. வியர்வை நிறையவே வந்திருக்கிறது. தோலை நனைக்கும் முன்பே காற்று அதைக் குடித்துவிட்டது.

சென்னையில் கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை காயாமல் உடம்பில் நிற்கிறது. சட்டை நனைகிறது, கசகசக்கிறது, உடனே நிழலைத் தேடுகிறோம். டெத் வேலியில் காற்றின் ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கும். அந்த எச்சரிக்கை வராது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இதை மனதில் வைத்து எழுதியது.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். நம் பள்ளி விடுமுறையை ஒட்டி மே, ஜூனில் போகத் திட்டமிடாதீர்கள். சென்னை கண்ட உச்சம் 2003 மே மாதத்தின் 45 டிகிரி. டெத் வேலியில் 2024 ஜூலை மாதம் பகலையும் இரவையும் சேர்த்த சராசரியே 42.5 டிகிரி. 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 டிகிரிதான் இன்றும் உலகச் சாதனையாக ஏற்கப்பட்டிருக்கிறது. அந்த அளவீட்டைச் சந்தேகிக்கும் வானிலை ஆய்வாளர்களும் உண்டு.

இவ்வளவு சூடு ஏன்? கடலிலிருந்து வரும் மேகங்கள் மேற்கே வரிசையாக நிற்கும் மலைகளில் மழையைக் கொட்டித் தீர்த்துவிடுகின்றன. பள்ளத்தாக்குக்கு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் மழைதான். சூடேறி மேலெழும் காற்று உயர்ந்த மலைச்சுவர்களைத் தாண்ட முடியாமல் மறுபடி கீழே இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தத்தால் இன்னும் சூடாகிறது.

கோடையில் போயே ஆக வேண்டுமானால், காலை பத்து மணிக்குப் பிறகு தாழ்வான பகுதியில் நடக்காதீர்கள்.

படி 2: தண்ணீரைக் கணக்கிடுங்கள்

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நான்கு பேர் என்றால் 16 லிட்டர், அதாவது நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேனில் முக்காலுக்கும் மேல். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு குடியுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை இங்கே மருந்துக்கடையிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அன்று அம்மாவைத் தேற்றியது அதுவும் காரின் ஏசியும்தான். முழுக்கைப் பருத்திச் சட்டை, அகலத் தொப்பி, மூடிய காலணி போதும். செருப்பு வேண்டாம், உப்புக்கட்டிகள் பாதத்தைக் கிழிக்கும்.

படி 3: வண்டியும் வழியும்

லாஸ் வேகஸிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நான்கைந்து மணி நேரம். டெத் வேலி ஒரு தேசியப் பூங்கா. பூங்காவுக்குள் பெட்ரோல் விலை அதிகம், வெளியிலேயே நிரப்புங்கள். உள்ளே பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்பே பதிவிறக்குங்கள், காகித வரைபடமும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுபோனால் உதவி தேடி நடக்காதீர்கள், வண்டியோடு இருங்கள். இதை மட்டும் தயவுசெய்து மீறாதீர்கள்.

படி 4: பார்க்கும் வரிசை

சூரிய உதயத்துக்கு ஜப்ரிஸ்கி பாயிண்ட். பழங்கால ஏரியின் சேறு இறுகி, மழையால் அரிக்கப்பட்ட குன்றுகள் அவை. பிழிந்துவிட்டு உதறாமல் போட்ட மஞ்சள் வேட்டி போல மடிப்பு மடிப்பாகக் கிடக்கும்.

வெயில் ஏறுமுன் பேட்வாட்டர். வட அமெரிக்காவிலேயே தாழ்வான இடம். கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. நம் எல்ஐசி கட்டடத்தை அங்கே நிறுத்தி, அதன்மேல் இன்னொரு பாதியை வைத்தாலும் கடல் மட்டத்தை எட்டாது. கார் நிறுத்துமிடத்துக்கு மேலே பாறையில் கடல் மட்டம் எது என்று ஒரு பலகை காட்டும். மெரினாவில் காலை நனைக்கும் அலையின் உயரத்தை அங்கே அண்ணாந்து பார்க்க வேண்டும். பிறகு குனிந்து உப்பைப் பாருங்கள். மரக்காணம் உப்பளத்தில் மனிதர் பாத்தி கட்டுவார்கள். இங்கே நிலம் தானே கட்டிக்கொள்கிறது. அடியிலிருக்கும் உப்புநீர் மேலேறிக் காயக் காய, அறுகோணக் கட்டங்களின் விளிம்புகள் விரல் உயரத்துக்குப் புடைத்து நிற்கின்றன. பக்கத்துக் குட்டையில் கடுகளவு நத்தைகள் வாழ்கின்றன, மரப்பாதையை விட்டு அங்கே இறங்காதீர்கள்.

உச்சிவேளையில் 5,475 அடி உயரத்திலுள்ள டான்டேஸ் வியூவுக்கு ஏறிவிடுங்கள். கீழே இருப்பதைவிடச் சுமார் 14 டிகிரி குறைவு. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. சாயங்காலம் சாய்ந்த வெளிச்சத்தில் ஆர்டிஸ்ட்ஸ் பேலட்: இரும்பு சிவப்பையும் மஞ்சளையும், மாங்கனீசு ஊதாவையும் பூசிய மலை. ஒருவழிப் பாதை, சுமார் 14 கிலோமீட்டர்.

ஃபர்னஸ் கிரீக் என்ற சிற்றூர் வழியாகப் போகும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 'மரணம்' என்ற பெயரை வைத்தவர்கள் 1849-இல் தங்கம் தேடி வந்து வழிதவறியவர்கள். பூர்வகுடிகளான டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு இது தாய்மண், இன்றும் இங்கே வாழ்கிறார்கள்.

படி 5: இருட்டும்வரை இருங்கள்

மாலையில் மெஸ்கீட் மணல்மேடுகள். இருட்டியதும் கார் விளக்கை அணைத்துவிட்டு இருபது நிமிடம் கண்ணைப் பழக்குங்கள், செல்போனை எடுக்காதீர்கள். அன்று இரவு, தலைவலி தெளிந்த அம்மா காரில் சாய்ந்தபடி அண்ணாந்தார். சென்னையில் வடக்கே சரிந்து தெரியும் சப்தரிஷி மண்டலம் அங்கே தலைக்கு மேலேயே இருந்தது. கல்யாணத்தன்று மாம்பலத்து மண்டப வாசலில், தெரியாமலேயே "தெரிகிறது" என்று புரோகிதரிடம் சொன்ன அருந்ததியை, அம்மா அன்றுதான் வசிஷ்டருக்குப் பக்கத்தில் பார்த்தார்.