உப்புக் காற்றில் அகல லென்ஸ்: ராமேஸ்வரம் கரைக்கு எதை வாங்குவது?

தனுஷ்கோடிக்குப் போய் வந்த பலருடைய கேமராவில் ஒரே மாதிரிப் படம்தான் இருக்கும். மேல் பாதி வானம், கீழ்ப் பாதி மணல், நடுவில் நூல் மாதிரிக் கடல். இவ்வளவு பெரிய வெளியை மொத்தமாக அள்ளிவிடலாம் என்று, மிக அகலமாகப் பார்க்கும் அல்ட்ரா வைடு லென்ஸ் போட்டதன் பலன் அது. இந்த வகை லென்ஸ் தூரத்தில் இருப்பதை இன்னும் தூரத்துக்குத் தள்ளும், காலடியில் இருப்பதைப் பூதாகரமாக்கும். கரையேற்றிய வள்ளத்தின் முகப்போ, இடிந்த சுவரின் பவளக்கல்லோ, வலைக் குவியலோ பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு வேலை.

முதலில் கணக்கு. லென்ஸில் மி.மீ.யில் எழுதியிருப்பது குவியத் தூரம், அது குறையக் குறைய அதிக அகலம் தெரியும். ஃபுல் ஃபிரேம் கேமராவில், அதாவது படத்தைப் பதியும் சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்கே இருக்கும் கேமராவில், 24 மி.மீ.க்குக் கீழே போனால் அல்ட்ரா வைடு. கிடைமட்டமாக 24 மி.மீ. சுமார் 74 டிகிரி பார்க்கும், 20 மி.மீ. 84, 16 மி.மீ. 97, 14 மி.மீ. 104. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால், ஃபுல் ஃபிரேம் கணக்குக்கு மாற்ற, லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை நிகான், சோனி, ஃபியூஜியில் 1.5ஆலும் கேனானில் 1.6ஆலும் பெருக்குங்கள். இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாருக்கு 2ஆல். கேனான் ஏபிஎஸ்-சியில் 10-18 போட்டால் 16-29 போட்ட மாதிரி.

பாம்பன் பாலத்துக்கு என்று இதை வாங்காதீர்கள். 2025இல் திறந்த புதிய ரயில் பாலத்தில் மேலே தூக்கும் பகுதியின் நீளம் 72.5 மீட்டர். 100 மீட்டர் தள்ளி நின்று 16 மி.மீ.யில் எடுத்தால் படத்தின் அகலத்தில் 225 மீட்டர் அடங்கும், தூக்குப் பகுதி மூன்றில் ஒரு பங்குதான் வரும். கேமராவோடு வந்த லென்ஸின் 35 மி.மீ. அளவே அதற்கு நன்றாக இருக்கும். ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிராகாரத்தை மனதில் வைத்து 14 மி.மீ. தேடுபவர்களும் உண்டு. உள்ளே கேமராவும் செல்போனும் கொண்டுபோக முடியாது என்பதை முதலில் நினைவில் வையுங்கள்.

16 மி.மீ. போதுமா, 14 வேண்டுமா என்ற கேள்விக்கு ஓரங்கள்தான் பதில் சொல்லும். நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும் லென்ஸ்கள் ஓரத்தில் இருக்கும் உருண்டையை இழுத்து நீட்டும். 24 மி.மீ.யில் பக்கவாட்டு ஓரத்தில் நிற்பவரின் தலை 1.25 மடங்கு அகலும், 16இல் 1.5, 14இல் 1.6. இது லென்ஸின் குறை இல்லை, எவ்வளவு விலை கொடுத்தாலும் போகாது. குடும்பத்தோடு போய்ப் படம் எடுப்பவருக்கு 16-18 மி.மீ. தாராளம். கட்டடத்துக்கு மட்டும் கூடுதல் அகலம் கைகொடுக்கும். தனுஷ்கோடி தேவாலயச் சுவரை அண்ணாந்து எடுத்தால் இரண்டு பக்கமும் உள்நோக்கிச் சாயும், கம்ப்யூட்டரில் நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். அந்த இழப்புக்கு இடம் வேண்டும்.

இனி, இந்தக் கரையில் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம்: முன்கண்ணாடி. எஃப் 2.8ஆ எஃப் 4ஆ (எஃப் எண் குறைந்தால் லென்ஸின் வாய் அகலத் திறந்து அதிக ஒளி விடும்) என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. சில லென்ஸ்களில் முன்கண்ணாடி முட்டைக்கண் மாதிரிப் பிதுங்கி நிற்கும், ஃபில்டர் திருக மரையே இருக்காது. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆண் கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடாக் கரையில் நின்றால், மணலும் உப்புத் துளியும் நேராக அந்தக் கண்ணாடியில்தான் அடிக்கும். அதற்குத் தனியாக 150 மி.மீ. சதுரக் கண்ணாடி மாட்டும் சட்டம் கிடைக்கிறது. காற்றில் அது பாய் மாதிரி விரிந்து டிரைபாடையே ஆட்டும். முன்பக்கம் தட்டையாக, 67, 72, 77, 82 மி.மீ. என ஏதோ ஒரு மரையோடு இருப்பதை வாங்குங்கள். நிகான் இசட் 14-30 எஃப் 4 இவ்வளவு அகலத்திலும் 82 மி.மீ. ஃபில்டரை ஏற்கும். கேனான் ஆர்எஃப் 16 மி.மீ. எஃப் 2.8க்கு 43 மி.மீ. ஃபில்டர் போதும். அந்தக் கேனான் லென்ஸில் தூசி, ஈரம் தடுக்கும் அடைப்பு இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். அடைப்பு உள்ள சில கேனான் எல் வகை (உயர்ரக) லென்ஸ்களிலும் முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் அடைப்பு முழுமையாகும்.

ஃபில்டர் மெல்லிய விளிம்புள்ளதாக இருக்கட்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு திருகினால் படத்தின் மூலைகள் கறுக்கும். வானத்தைக் கருநீலமாக்கும் போலரைசர் ஃபில்டர் இந்த அகலத்துக்கு வேண்டாம். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் மட்டும் வானம் கறுத்து, நடுவில் பட்டை விழுந்த மாதிரி ஆகிவிடும்.

எஃப் 2.8க்குக் கூடுதல் பணம் கொடுப்பது இரவு வானத்துக்காக. ஆனால் தனுஷ்கோடியைத் தாண்டித் தீவு முடியும் அரிச்சல்முனையில் இருட்டிய பின் இருக்க விடமாட்டார்கள். பகலிலும் சூரிய உதயத்திலும் எஃப் 8இல்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் எஃப் 4 போதும், பையும் கனக்காது.

பழைய கேமரா வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. நிகான் ஏஎஃப்-பி 10-20 எடை குறைந்த நல்ல லென்ஸ், ஆனால் டி90, டி3100, டி7000 ஆகியவற்றில் ஃபோகஸே ஆகாது. டோக்கினா 11-16இன் நிகானுக்கான முதல் பதிப்பில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசை கேமராக்களிலும் மோட்டார் இல்லாததால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

வாங்குமுன் சோதனை. நடமாட்டம் தொடங்காத அதிகாலையில் டிரைபாடில் வையுங்கள், வெயில் ஏறினால் கானல் அலை படத்தைக் கெடுக்கும். பாம்பன் கலங்கரை விளக்கம் மாதிரித் தூரத்தில் உள்ள ஒன்றைப் படத்தின் நடுவில் வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு ஆட்டோ ஃபோகஸை நிறுத்துங்கள். பிறகு அதே பொருளை நான்கு மூலைகளுக்கும் கொண்டுபோய் எஃப் 4இலும் எஃப் 8இலும் எடுங்கள். நான்கும் ஒரே அளவில் மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் குழைந்தால் உள்கண்ணாடி நகர்ந்திருக்கிறது, வேண்டாம். அடுத்து அடிவானத்தைப் படத்தின் மேல் ஓரத்துக்கு ஏற்றிப் பாருங்கள். வில்லாக வளைந்தால் மென்பொருளில் எளிதில் சரியாகும். மீசை மாதிரி ஏறி இறங்கினால் அந்த லென்ஸுக்கென்றே உள்ள திருத்தம் இருந்தால்தான் நேராகும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் பின்பக்க மவுன்ட் திருகுகளைப் பாருங்கள். துருப் பொட்டு இருந்தால் கடல் தண்ணீர் பட்டிருக்கிறது. ஜூம் வளையத்தைக் காதருகே வைத்துத் திருப்புங்கள். நறநறவென்றால் உள்ளே மணல். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் பூஞ்சை சிலந்தி நூல் மாதிரித் தெரியும்.

வள்ளத்தை எடுக்கும் முறை இதோ. 16 மி.மீ., எஃப் 8. சென்சாரிலிருந்து 1.1 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 55 செ.மீ. முதல் அடிவானம் வரை தெளிவாக இருக்கும். ஏபிஎஸ்-சியில் 10 மி.மீ. என்றால் 65 செ.மீ.யில் வையுங்கள், 33 செ.மீ.யிலிருந்தே தெளிவு. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, முகப்பிலிருந்து முக்கால் மீட்டரில் நில்லுங்கள். அரை அடி முன்னே போனாலே படகின் வடிவம் மாறுவதைத் திரையில் பார்க்கலாம். எஃப் 16க்கு மேல் போக வேண்டாம். படம் மழுங்கும், சூரியனுக்கு எதிரே முன்கண்ணாடியில் இருக்கும் உப்புப் பொட்டுகள் ஒளிவட்டமாகத் தெரியும்.

அந்த உப்பைச் சட்டை நுனியால் துடைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. காய்ந்த உப்பு கண்ணாடிப் பூச்சைக் கீறும். முதலில் ஊதுகுமிழால் மணலை ஊதித் தள்ளுங்கள். பிறகு பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள், கடைசியில்தான் லென்ஸ் திரவம். அதில் இருக்கும் ஆல்கஹாலில் உப்பு சரியாகக் கரையாது, தண்ணீரில் கரையும். லாட்ஜ் ஏசி அறையிலிருந்து விடியலில் வெளியே வரும்போது அரை மணி நேரம் பையைத் திறக்காதீர்கள், கண்ணாடி வியர்த்துவிடும்.

வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் இருக்கட்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அதில் கோபால்ட் இருக்கிறது, சமையல் வாணலியில் வறுக்காதீர்கள்.