பவளத் தொட்டியில் முடிப்பாசியா? ஊற்றும் தண்ணீரைப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள், பாறையில் முடிபோல நீளும் முடிப்பாசி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, குறையும்போது ஊற்றும் தண்ணீரைத்தான். ஆவியாவது வெறும் நீர். போர் தண்ணீரோடு வரும் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் உள்ளேயே தங்கிச் சேரும். சித்திரை வெக்கையில் தினமும் ஊற்றுவதால் இன்னும் வேகமாகச் சேரும். வீட்டுக் குடிநீர் ஆர்ஓ மட்டும் போதாது. அதன் பின் மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டிஐ பிசின் குழாய் வேண்டும், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும்.

பாஸ்பேட் சோதனையில் 0 வந்தால் நம்பிவிடாதீர்கள், பாசியே அதைத் தின்றுகொண்டிருக்கும். பாறையை வெளியே எடுத்து, வாளியில் பிடித்த தொட்டி நீரில் டூத்பிரஷ்ஷால் தேய்த்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துணுக்குகள் பரவி வேறு பாறையில் முளைக்கும்.

பிறகு வாரம் 10% நீர் மாற்றம், விளக்கு 8 மணி நேரம். முற்றத்து வெயில் தொட்டியில் விழவே கூடாது. உறைந்த இறாலை உருக்கி, வடித்துப் போடுங்கள்.

நைட்ரேட் 5–10, பாஸ்பேட் 0.03–0.1 பிபிஎம் இருந்தால் போதும். அவசரப்பட்டு ஜிஎஃப்ஓவை (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள்) அள்ளிப் போட்டுப் பாஸ்பேட்டைப் பூஜ்யமாக்கினால் பவளம் வெளிறும். டைனோ என்னும் பழுப்புக் கோழை படரும். அது முடிப்பாசியைவிடப் பெரிய தலைவலி.