மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்கு முன்: எது எப்போது தெரியவரும்?

பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது, ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. இடையில் கிடக்கும் நாட்கள்தான் பலருக்கு ஆபரேஷனைவிடக் கஷ்டம். அக்குளுக்குப் பரவியிருக்குமோ, மார்பை முழுசாக எடுப்பார்களோ, கீமோ உண்டோ என்று எல்லாம் ஒன்றாகச் சிக்கிக்கொண்டு தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு நோட்டை எடுத்து ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: என்ன தெரியவில்லை, யாரைக் கேட்க வேண்டும், எந்தத் தேதியில் தெரியும்.

சில பதில்கள் இப்போதே கையில் இருக்கும். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஹெர்-டூ (புற்றணுவை வேகமாக வளரவைக்கும் ஒரு புரதம்) 3+ என்றால் பாசிட்டிவ். 0, 1+ என்றால் நெகட்டிவ். 2+ என்றால் இரண்டுமில்லை, ஹெர்-டூ மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் செய்துதான் சொல்வார்கள். அந்த முடிவு வந்துவிட்டதா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஹெர்-டூ பாசிட்டிவாக இருந்தால் பலருக்கு மருந்தை முதலில் கொடுத்து, கட்டி சுருங்கிய பிறகே ஆபரேஷன் செய்வார்கள். வரிசையே மாறக்கூடிய விஷயம் இது.

கட்டியின் சரியான அளவு, வெட்டிய ஓரத்தில் புற்றணு இருக்கிறதா, எத்தனை நெறிக்கட்டியில் (அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சு) இருக்கிறது என்பதெல்லாம் எடுத்த சதையை லேபில் பார்த்த பிறகே உறுதியாகும். அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். சர்ஜன் மழுப்புகிறார் என்று எண்ண வேண்டாம்; முழு விவரம் அவருக்கும் அன்றுதான் தெரியும். அதனால் "பரவியிருக்கா டாக்டர்?" என்பதோடு நிறுத்தாமல், "பரவியிருந்தா அடுத்து என்ன செய்வீங்க? ஓரத்துல மிச்சம் இருந்தா மறுபடி ஆபரேஷனா?" என்று கேளுங்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் இன்னொன்று: நெறிக்கட்டியை ஆபரேஷன் நடக்கும்போதே சோதிப்பார்களா, புற்று இருந்தால் அதே மயக்கத்தில் அக்குளில் உள்ள மற்ற நெறிக்கட்டிகளையும் எடுத்துவிடுவார்களா? இதைக் கேட்காதவர்கள்தான் கண் விழித்ததும் அதிர்ந்துபோகிறார்கள்.

ஆரம்ப நிலையில், கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுப்பதும் மார்பை முழுதாக எடுப்பதும் ஆயுளைப் பொறுத்தவரை சமம். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டு தொடர்ந்து பார்த்து 2002-இல் வெளியிட்ட முடிவு இது. "கத்தி பட்டா பரவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பித் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து.

மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு, சித்த மருந்து, லேகியம் உட்பட, மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் தொடரவும் வேண்டாம். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் அதைப் பெயர் சொல்லியே கேளுங்கள். மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கலாம்.

பொதுவாகச் சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன் வரை. பால் சாப்பாட்டுக் கணக்கு, ஆகவே காலைக் காபி கூடாது. அதைக் குடித்துவிட்டுப் போனால் ஆபரேஷனே தள்ளிப்போகும். வளையல், மெட்டி, தாலிச் சங்கிலியை வீட்டிலேயே கழற்றி வையுங்கள்; கழுத்து வெறுமையாக இருக்க மனசு வராதவர்கள் மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொள்ளலாமா என்று நர்ஸிடம் கேட்கலாம். விரலில் மருதாணி, நகப்பூச்சு இருந்தால் ஆக்சிஜன் அளவு தப்பாகக் காட்டக்கூடும்.

முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொளப்பான நைட்டி இரண்டு வாங்கிவையுங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் போடும் உடை சில நாளைக்கு ஆகாது. நெறிக்கட்டியைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் போட்டிருந்தால் ஓரிரு நாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும், பயப்பட ஒன்றுமில்லை.

விலாப் பக்கம் டிரெயின் குழாயோடு, அதாவது காயத்தில் ஊறும் நீரை ஒரு சின்னக் குடுவைக்கு உறிஞ்சும் குழாயோடு, வீட்டுக்கு அனுப்பலாம். கை கழுவி, குடுவையின் மூடியைத் திறந்து, நீரை அளவுக் கோப்பையில் ஊற்றி, தேதியோடு மில்லிலிட்டரை எழுதுங்கள். பிறகு குடுவையை நசுக்கிப் பிடித்தபடியே மூடியைப் போட வேண்டும். நசுக்காமல் மூடினால் உறிஞ்சாது, நீர் உள்ளேயே தேங்கி வீங்கும். பெரும்பாலும் 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுப்பார்கள். திடீரென்று ரத்தமாக நிறைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காயம் சிவந்து சூடாக இருந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள்.