சொகோல் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செக் மக்களின் சொகோல் உடற்பயிற்சி இயக்கத்தைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் சிலர் தம் வரைவுகளை என்னிடம் காட்டுவதுண்டு. நான் முன்பு செய்த பிழைகளே அவற்றில் மீண்டும் தென்படுகின்றன. எழுத்துப் பிழைகளையும் ஒலிபெயர்ப்புத் தடுமாற்றங்களையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

பறவையின் பெயர்

சொகோல் என்றால் வல்லூறு, கழுகு அன்று.

ஸ்லெட்டையும் ஸ்பார்டகியாடாவையும் ஒன்றாக்குவது

ஸ்லெட் என்பது சொகோலின் கூட்டுப் பயிற்சிப் பெருவிழா; ஸ்பார்டகியாடா என்பது பின்னாளில் கம்யூனிஸ்டு அரசு நடத்திய கூட்டுப் பயிற்சி விழா. என் முதல் நீண்ட கட்டுரையில், பிராக் நகரின் ஸ்ட்ராஹோவ் அரங்கில் பல்லாயிரம் பேர் ஒரே அசைவில் கைகளை உயர்த்தி நிற்கும் படத்தைச் சேர்த்து, 'சொகோலின் பெருவிழா' என்று அடியில் எழுதினேன். அது 1975ஆம் ஆண்டு ஸ்பார்டகியாடாவின் படம். இதழ் அச்சாகி வந்த பின் அதை ஒரு செக் மூதாட்டியிடம் பெருமையுடன் காட்டினேன். அவர் அந்தப் படத்தை உள்ளங்கையால் மூடிவிட்டு, தம் தந்தை சொகோலிலிருந்து நீக்கப்பட்ட கதையைச் சொன்னார். அடுத்த இதழில் திருத்தம் வந்தது. அவரிடம் நான் இழந்த நம்பிக்கையை அந்தத் திருத்தம் மீட்டுத் தரவில்லை.

1948 கோடையில், கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்துச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், பதினோராவது ஸ்லெட்டின் ஊர்வலத்தில் சென்ற சொகோல் உறுப்பினர்கள், மேடையிலிருந்த புதிய குடியரசுத் தலைவர் கோட்வால்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பதவி விலகிய பெனேஷின் பெயரை முழங்கினர். அதற்கு விலையாகக் கைதுகளும் நீக்கங்களும் தொடர்ந்தன. சொகோலை ஒடுக்கிய அதே அரசுதான், அதன் அரங்கையும் கூட்டுப் பயிற்சி மரபையும் எடுத்துக்கொண்டு, 1955 முதல் சோவியத் படையின் வரவைக் கொண்டாடும் ஸ்பார்டகியாடாவை நடத்தியது. ஒடுக்கியவரின் விழாவை ஒடுக்கப்பட்டவரின் பெயரில் ஏற்றுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. பிராகில் 1948க்குப் பின் 1994இல்தான் மீண்டும் ஸ்லெட் நடந்தது. படத்தின் ஆண்டைப் பார்த்தாலே போதும்.

ஜெர்மானிய வெறுப்பாகச் சுருக்குவது

1862இல் சொகோலைத் தொடங்கிய மிரோஸ்லாவ் டிர்ஷ், யிந்த்ரிக் ஃபூக்னர் இருவருமே ஜெர்மன் பேசும் குடும்பங்களில் பிறந்தவர்கள். செக் தேசிய உணர்வை அவர்கள் தாமே தேர்ந்துகொண்டார்கள் என்பதை எழுதாவிட்டால், ஜெர்மானிய உடற்பயிற்சிச் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டே இவ்வியக்கம் ஏன் எழுந்தது என்பது வாசகருக்கு விளங்காது.

'அண்ணன்' என்று மொழிபெயர்ப்பது

உறுப்பினர்கள் தொழில், பட்டம், வயது பாராமல் ஒருவரையொருவர் 'சகோதரா' என்று விளித்து ஒருமையில் பேச வேண்டும் என்பது ஃபூக்னர் கொண்டுவந்த வழக்கம். 'அண்ணன்', 'தம்பி' என்று எழுதினால், அவர் அகற்ற விரும்பிய ஏற்றத்தாழ்வு தமிழில் திரும்ப வந்துவிடுகிறது. 'நீங்கள்' என்பதும் அப்படியே. 'நீ' என்றே எழுதுங்கள்.

பெண்கள்

1882இன் முதல் ஸ்லெட்டில் அவர்களைச் சேர்க்காதீர்கள், களமிறங்கியது 1901இல்.